பிள்ளைக்குப் பேச்சு வராததற்குத் தமிழா காரணம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு வாசகர் பக்கத்தில் ஒரு தாத்தா எழுதியிருந்ததைப் படித்தேன். பேரனுக்கு இரண்டரை வயது, இன்னும் சரியாகப் பேச்சு வரவில்லை, வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம் என்று மூன்றும் காதில் விழுந்து பிள்ளை குழம்பிவிட்டான், அதனால் இனிமேல் வீட்டில் ஆங்கிலம் மட்டும்தான் என்று குடும்பமே முடிவு செய்துவிட்டோம், மற்ற பெற்றோரும் இப்படிச் செய்யலாமே என்று எழுதியிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, பேரன் மேல் இருக்கிற பாசத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த யோசனை தப்பு. அதை அப்படியே விட்டுவிட்டால் இன்னும் நாலு வீட்டில் தமிழை நிறுத்துவார்கள், பிள்ளைக்குப் பேச்சும் வராது. அதனால்தான் இந்தப் பதில்.

நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பாலர் பள்ளி ஆசிரியை. பள்ளி திறக்கிற நேரத்தில் வருடா வருடம் ஏதாவது ஓர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சர், இவனுக்குப் பேச்சு லேட்டு, ஒரே பாஷையில பேசச் சொல்லிட்டாங்க, நீங்களும் இங்கிலீஷ்லயே பேசுங்க" என்பார். யார் சொன்னது என்று கேட்டால் சில நேரம் கிளினிக், சில நேரம் நாத்தனார், சில நேரம் ஃபேஸ்புக். சரி, யார் சொன்னதாகவும் இருக்கட்டும், அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பள்ளி கேட்டுக்கு முன்னால் நான் தினமும் பார்க்கிற காட்சி ஒன்று. பிள்ளையைக் கூட்டிப் போக வந்த அம்மா ஒரு கையில் கைப்பேசியைப் பிடித்துத் தங்கையுடன் பேசிக்கொண்டே இன்னொரு கையால் பையனைப் பிடிக்கிறார். தங்கையிடம், "நேத்து மழை வரும்னு தெரிஞ்சிருந்தா துணியை எடுத்து உள்ள போட்டிருப்பேன்டி, இவரு வராதுன்னு சொன்னாரேன்னு நம்பிட்டேன், எல்லாம் நனைஞ்சு போச்சு." பையனிடம் திரும்பி, "கம். சிட். டோன்ட் டச். ஈட் ஃபாஸ்ட்." அவ்வளவுதான். தங்கைக்குப் போன அந்த ஒரு பேச்சில் காரணம் இருக்கிறது, நடக்காத ஒன்றை நினைத்துப் பார்ப்பது இருக்கிறது, இன்னொருவர் சொன்னதை எடுத்துச் சொல்வது இருக்கிறது. பிள்ளையின் மூளை மொழியைக் கட்டிக்கொள்வது இந்த மாதிரிப் பேச்சை ஆயிரம் தடவை கேட்டுத்தான். அது அத்தனையும் சித்திக்குப் போகிறது, பையனுக்கு மிஞ்சியது நாலு கட்டளை. அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்று குறை சொல்லவில்லை. ஆங்கிலத்தில் சரளமாகக் கதை சொல்லுகிற அம்மா தாராளமாக ஆங்கிலத்தில் சொல்லட்டும். தனக்கு நன்றாக வருகிற மொழியை மூட்டை கட்டி வைத்துவிட்டு, அரைகுறையாக வருகிற மொழியில் பிள்ளையை வளர்க்கச் சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

குழந்தையின் மூளை மொழியை எப்படிப் பிடிக்கிறது என்று பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரண்டு பேர் 1984இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு ரொம்ப நெருக்கமானது, ஏனென்றால் அவர்கள் எடுத்துக்கொண்ட ஒலிகளில் இந்தியின் 'த'வும் 'ட'வும் உண்டு. ஆங்கிலம் மட்டும் பேசுகிற வீட்டுக் குழந்தைகள் ஆறேழு மாதத்தில் இந்த இரண்டு ஒலிகளையும் வேறு வேறு என்று கண்டுகொண்டன. அதே மாதிரிக் குழந்தைகளைப் பத்துப் பன்னிரண்டு மாத வயதில் பார்த்தால் பெரும்பாலானவற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை, அவர்களுடைய அம்மா அப்பாவுக்கும் தெரியாது. நம் வீட்டுக் குழந்தைக்குப் 'பத்து' வேறு, 'பட்டு' வேறு என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. காதில் விழுந்துகொண்டே இருக்கிற ஒலிகளை மூளை கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது, விழாத ஒலிகளைக் கைவிட்டுவிடுகிறது. முதல் பிறந்தநாள் கேக் வெட்டுவதற்கு முன்னாலேயே இந்த வேலை பாதி முடிந்துவிடுகிறது!

அப்படியானால் இரண்டு மொழி காதில் விழுந்தால் குழப்பம்தானே என்று கேட்கலாம். இல்லை. பிலிப்பைன்ஸ் நாட்டுத் தகாலோக் மொழி, ஆங்கிலம் இரண்டையும் கர்ப்ப காலத்தில் பேசிய தாய்மார்களுக்குப் பிறந்த பச்சைக் குழந்தைகளை வைத்து 2010இல் ஓர் ஆய்வு வந்தது. பிறந்து சில நாளே ஆன அந்தக் குழந்தைகள் இரண்டு மொழியையும் ஆர்வமாகக் கேட்டன, ஒன்றை மற்றதிலிருந்து பிரித்தும் அறிந்தன. வயிற்றில் இருக்கும்போதே மொழியின் தாளம் காதுக்குப் போய்விடுகிறது. இவ்வளவு சின்ன வயதில் பிரித்துவைக்கத் தெரிந்த மூளையைத்தான் நாம் குழம்பிவிட்டது என்கிறோம். மூளை என்ன அரிசி மூட்டையா, ஒரு மொழி அதிகமானால் தையல் விட்டுப் போவதற்கு?

குழப்பம் என்று பெரியவர்கள் நினைப்பதற்கு முக்கியமான காரணம் பிள்ளைகள் கலந்து பேசுவது. என் வகுப்பில் ஒரு வாண்டு, "டீச்சர், பிந்து துத்துப் பண்ணவா?" என்று கேட்கும். கதவுக்கும் மூடுவதற்கும் மலாய்ச் சொல், சரி. ஆனால் மலாயில் 'துத்துப்' முன்னால் வரும், 'பிந்து' பின்னால் வரும். இந்தப் பிள்ளை தமிழ் மாதிரி கதவை முன்னால் வைத்து, மலாய் வினைக்குப் பின்னால் 'பண்ண' சேர்த்து, கேள்விக்கு 'ஆ'வும் போட்டு முடித்துவிட்டது. தமிழ் இலக்கணம் கையில் இல்லாத பிள்ளையால் இப்படிக் கலக்க முடியாது. பெரியவர்கள் நாம் மட்டும் என்ன, சந்தைக்குப் போய்ச் சாப்பாடு கட்டி வாங்கி வருகிறேன் என்பதை "பாசாருக்குப் போயிட்டு தாப்பாவ் பண்ணிட்டு வரேன்" என்று சொல்லாத ஆள் இந்த ஊரில் உண்டா?

இன்னொன்று, பிள்ளைக்கு எத்தனை வார்த்தை தெரியும் என்று எண்ணும்போது ஒரு மொழியில் மட்டும் எண்ணுவார்கள். பால் என்பதைத் தமிழில் சொல்லும், பூனையை மலாயில் சொல்லும், பஸ்ஸை ஆங்கிலத்தில் சொல்லும். தாளில் ஆங்கிலம் மட்டும் கேட்டால் ஒன்றுதான் தெரிகிறது என்று எழுதிவிடுவார்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஒரு மொழிப் பிள்ளைக்கு நிகராகத்தான் வரும்.

இரண்டு மொழி மூளைக்குக் கெடுதல் என்ற பேச்சு பழையது. 1923இல் வேல்ஸ் நாட்டில் சேர் என்பவர் இரண்டு மொழி பேசும் பிள்ளைகளுக்குப் புத்தி மட்டு என்று எழுதினார். அப்போதைய ஆய்வுகளில் பிள்ளையின் வீட்டு வசதி, ஏழ்மை இதையெல்லாம் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. 1962இல் கனடாவின் மொன்ரியாலில் பீல், லம்பர்ட் இருவரும் வசதியையும் சமமாக வைத்துப் பார்த்தபோது இரண்டு மொழிப் பிள்ளைகள் பின்தங்கவில்லை, முன்னால்தான் நின்றார்கள். தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றி ஒரு காலத்தில் என்னவெல்லாம் சொன்னார்கள் என்பது நமக்குத் தெரியும். லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் ஒரே அறையில் எட்டுப் பேர், படிக்க விளக்கில்லை, வயிறு நிறையவில்லை. பழி மட்டும் தமிழ் மேல். அதே லயத்தில் வளர்ந்தவர்கள்தான் ஆயாக்கொட்டகையில் தமிழும் தெலுங்கும் கேட்டு, சீனத் தவுக்கே கடையில் கந்தனீஸ் பேசி, சந்தையில் மலாயில் பேரம் பேசி, தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியிடம் ஆங்கிலத்தில் லீவு கேட்டார்கள். ஒருவருக்கும் மூளை குழம்பவில்லை.

அதற்காக நிறைய மொழி தெரிந்தால் புத்தி கூடும், மறதி நோய் வராது என்று வாட்ஸ்அப்பில் வருவதையும் நான் நம்பச் சொல்லமாட்டேன். ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 மறதி நோயாளிகளைப் பார்த்து 2013இல் வெளியிட்டார்கள், இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோயின் அறிகுறி சராசரியாக நாலரை வருடம் தள்ளி வந்திருந்தது, பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. படிக்கவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் சில அதே மாதிரி வரவில்லை, அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பாட்டியிடம் பேரப்பிள்ளை பேச முடிய வேண்டும், எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

தாத்தாவின் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தக் கைப்பேசிதான். ஆங்கிலம் கைப்பேசியிலிருந்து வருகிறது என்று போகிற போக்கில் எழுதியிருந்தார். அமெரிக்காவில் பட்ரீசியா கூல் என்ற பேராசிரியர் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்க வைத்தார். ஒரு பிரிவுக்கு ஆளே நேரில் உட்கார்ந்து பொம்மை காட்டிச் சீனத்தில் பேசினார், இன்னொரு பிரிவுக்கு அதே ஆள், அதே பேச்சு, ஆனால் தொலைக்காட்சியில். மொத்தம் 12 முறை. நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிடித்துக்கொண்டன, தொலைக்காட்சி பார்த்தவை ஒன்றும் பிடிக்கவில்லை. 2003இல் வந்த ஆய்வு இது, அப்போது நம் வீடுகளில் இந்தக் கைப்பேசித் தொல்லை இவ்வளவு இல்லை. குழந்தை ஒலி எழுப்பும்போது பதிலுக்கு முகம் பார்த்துச் சிரிக்க, அது காட்டுகிற பக்கம் பார்க்க ஓர் ஆள் வேண்டும். பிள்ளை சோறு சாப்பிட வேண்டும் என்பதற்காகக் கைப்பேசியை முன்னால் நிறுத்திவைக்கிற பழக்கத்தை விட்டுவிட்டு, ஊட்டுகிறவர் வாயைத் திறந்து எதையாவது பேசினாலே பாதி வேலை ஆகும்.

அப்புறம், நிஜமாகவே பேச்சு தாமதப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதை மறைக்கக் கூடாது. காது நன்றாகக் கேட்கும், புத்தியும் சரியாக இருக்கும், ஆனால் மொழி மட்டும் ஏறாது. இதற்கு வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு என்று பெயர், நூற்றில் ஏழு பிள்ளைகளுக்கு இருக்கிறது. முப்பது பேர் வகுப்பில் இரண்டு பேர். இரண்டு மொழி கேட்டதால் இது வருவதில்லை, ஒரு மொழி மட்டும் பேசுகிற நாடுகளிலும் இதே அளவுதான். இரண்டு மொழிப் பிள்ளைக்கு இருந்தால் இரண்டு மொழியிலும் சிரமம் தெரியும். தமிழில் நன்றாகக் கதை அளக்கிற பிள்ளை ஆங்கிலத்தில் திணறினால் அது குறைபாடு இல்லை, ஆங்கிலம் போதவில்லை, அவ்வளவுதான். ஒரு மொழியை நிறுத்தினால் குறைபாடு போய்விடும் என்பதற்கு ஆதாரமும் கிடையாது. பிறவியிலேயே வளர்ச்சி தாமதப்படுகிற டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளே இரண்டு மொழி கற்றுக்கொள்வதைக் கனடாவில் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள், ஒரு மொழி மட்டும் கேட்ட அதே நிலைப் பிள்ளைகளைவிட அவர்கள் மோசமாகிவிடவில்லை.

அதனால் பார்க்க வேண்டியது வேறு. ஒரு வயதாகியும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, ஒன்றரை வயதாகியும் எந்த மொழியிலும் ஒரு சொல்கூட வராத பிள்ளை, இரண்டு வயதாகியும் 'அப்பா வா', 'சூசு வேணும்' என்று இரண்டு சொல்லைச் சேர்க்காத பிள்ளை, முன்னால் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று நிறுத்திவிட்ட பிள்ளை, இவர்களை உடனே காட்ட வேண்டும். முதலில் காது. சளி கட்டி நடுக்காதில் நீர் சேர்ந்தால் பிள்ளை எல்லாவற்றையும் மந்தமாகத்தான் கேட்கும், வீட்டில் யாருக்கும் தெரியாது, குறும்பு, சொன்ன பேச்சுக் கேட்பதில்லை என்று அடி வேறு விழும். ஊசி போடப் போகும்போது எடுத்துப் போகிற அதே கிளினிக் புத்தகத்தோடு போய்க் காது சோதனைக்கும் ஸ்பீச் தெரப்பி என்ற பேச்சுப் பயிற்சிக்கும் கடிதம் கேளுங்கள். நாக்கில் வசம்பு உரசித் தடவுகிற பாட்டிகளிடம் நான் வாதாடுவதில்லை, ஆனால் அந்தக் கடிதத்தை வாங்கிய பிறகு தடவட்டும். ஒரு வயதுக்குக் கீழே தேன் மட்டும் வேண்டவே வேண்டாம், அது குழந்தைக்கு ஆபத்து. திக்குவாயையும் மொழி மேல் போடாதீர்கள், சின்ன வயதில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு வந்து பெரும்பாலும் தானாகவே போய்விடுகிறது. கேலி செய்தால்தான் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

பிள்ளைகளைப் பற்றி மட்டும் எழுதி நிறுத்தியிருப்பேன். எங்கள் வீட்டில் என் மாமனாருக்கு நடந்ததையும் சொன்னால்தான் இந்தப் பேச்சு முழுமையாகும். அவர் பால்மரம் வெட்டி, பிறகு செம்பனைக் காட்டில் வேலை பார்த்தவர். போன வருடம் ஸ்ட்ரோக் வந்து வலது கை விழுந்தது, பேச்சும் போனது. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, ஆனால் வாயில் வருவதில்லை. தே தாரே கொண்டுவந்து வைத்தால் சீனி போதவில்லை என்று சொல்ல, "அது... அது... இந்த..." என்று கரண்டியைத் தட்டி, கடைசியில் கோபத்தில் கிளாஸைத் தள்ளிவிடுவார். மகன் பெயர் வராது. ஆனால் ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்துக் கொடுத்தால் பத்து வரை போவார், வானொலியில் பழைய எம்.ஜி.ஆர். பாட்டு வந்தால் வார்த்தை பிசகாமல் கூடவே பாடுவார். நடிக்கிறார் என்று சில உறவுக்காரர்கள் சொன்னார்கள்.

நடிப்பில்லை. 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர், 'டான்' என்ற ஓர் அசையைத் தவிர அநேகமாக வேறு எதுவும் பேச முடியாத நோயாளி இறந்த பிறகு மூளையைப் பார்த்தார், இடது பக்க முன்பகுதியில் சேதம் இருந்தது. 1874இல் ஜெர்மனியின் வெர்னிக்கே இன்னும் பின்னால் உள்ள ஓர் இடத்தைக் காட்டினார், அங்கே அடிபட்டால் பேச்சு சரளமாக வரும், அர்த்தம் இருக்காது, பிறர் பேசுவதும் புரியாது. வலது கைப் பழக்கமுள்ள பெரும்பாலானவர்களுக்கு மொழி வேலை மூளையின் இடது பக்கத்தில்தான் நடக்கிறது. பாட்டு, மனப்பாடமான எண் வரிசை, சாமி கும்பிடும்போது சொல்வது, கெட்ட வார்த்தை இவையெல்லாம் நாமாக யோசித்து ஒரு வாக்கியம் அமைப்பதிலிருந்து வேறு வழியில் வருவதால் பல நேரம் தப்பித்துவிடுகின்றன. இதை வைத்தே ராகம் போட்டுப் பேச்சை மீட்கிற ஒரு சிகிச்சையை 1973இல் அமெரிக்காவில் தொடங்கினார்கள்.

இரண்டு மொழி தெரிந்தவருக்கு மூளையில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறை கிடையாது. பெரும்பாலும் ஒரே இடங்களைத்தான் பகிர்ந்துகொள்கின்றன, எந்த நேரத்தில் எந்த மொழி, எதை அடக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ள வேறு பகுதிகள் இருக்கின்றன. அதில் அடிபட்டால் தமிழரிடம் பேசும்போதும் மலாய் வரலாம், வேண்டாம் என்றாலும் வரலாம். என் மாமனார் சில நாள் எங்களிடமே மலாயில் தண்ணீர் கேட்டார், வீட்டில் சிரித்தார்கள், அவர் கண் கலங்கினார். குணமாகும்போது பலருக்கு எல்லா மொழியும் சேர்ந்தே திரும்புகிறது, சிலருக்கு ஒன்று முந்துகிறது. அதிகமாகப் புழங்கிய மொழி முந்தும் என்று 1895இல் பித்ரே என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதினார், அப்படி நடக்காத ஆட்களும் உண்டு. ஆகவே எல்லா மொழியிலும் சோதித்துப் பார்க்காமல் ஒருவருக்கு என்ன மிச்சமிருக்கிறது என்று சொல்ல முடியாது. மொன்ரியாலில் மிஷெல் பாரடி இதற்காகவே பல மொழிகளில் தனிச் சோதனை தயாரித்து 1987இல் புத்தகமாகக் கொடுத்தார்.

இங்கே என்ன நடந்தது தெரியுமா? ஆஸ்பத்திரியில் தெரப்பிஸ்ட் பெண் படங்களைக் காட்டி இது என்ன, அது என்ன என்று மலாயில் கேட்டார். நல்ல பெண், பொறுமையானவர், தமிழ் தெரியாது, அது அவர் குற்றமுமில்லை. சீப்புப் படத்துக்கு மாமா பதில் சொல்லவில்லை, தாளில் தவறு என்று விழுந்தது. நான் குனிந்து, "மாமா, தலைக்கு இது... சீ..." என்றேன். "சீப்பு" என்றார். தாளில் அதற்கு இடமில்லை. அடுத்த முறை நாங்களே சீப்பு, செருப்பு, வெற்றிலை, பால்வாளி, கொசுவலை என்று அவருக்குப் பழக்கமான சாமான்களைப் படமெடுத்து அச்சடித்துக்கொண்டு போனோம், எங்கள் பையனும் உட்கார்ந்து மொழிபெயர்த்தான், அந்தப் பெண்ணும் மறுக்காமல் அதை வைத்தே பயிற்சி கொடுத்தார். இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், அனுமதி கேட்டால் போதும். ஸ்ட்ரோக் வந்தவரை வைத்திருக்கிற குடும்பங்கள் தயவுசெய்து கேளுங்கள். அவர் பேசும்போது வார்த்தையைப் பிடுங்கி நீங்களே முடித்துவிடாதீர்கள், செவிடருக்குச் சொல்வதுபோல் கத்தவும் வேண்டாம், காது நன்றாகத்தான் கேட்கிறது.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். பாலர் பள்ளிப் பிள்ளைக்கும் என் மாமனாருக்கும் வேண்டியது ஒரே ஆள்தான், தமிழ் தெரிந்த ஸ்பீச் தெரப்பிஸ்ட். எங்கள் பக்கத்தில் அப்படி ஒருவர் கிடைப்பது குதிரைக்கொம்பு. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் 1995லிருந்தே இந்தப் படிப்பு இருக்கிறது, நம் தமிழ்ப் பிள்ளைகளில் பலருக்கு அப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது, டாக்டர் இல்லாவிட்டால் இன்ஜினியர், அதுவும் இல்லாவிட்டால் வக்கீல் என்று மூன்றோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுகள் வருகிற வாரத்தில் உங்கள் மாணவர் பக்கத்தில் இந்தப் படிப்பைப் பற்றி, எந்தப் பாடங்கள் வேண்டும், எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்ற விவரத்தோடு அரைப் பக்கம் போட்டால் உதவியாக இருக்கும். கத்தரித்துப் பள்ளிப் பலகையில் ஒட்டுகிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு பாலர் பள்ளி ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்.